கீறல் விழுந்த பச்சை சைக்கிள்

ராகினிக்கு வேலை போகப் போகுதுன்னா அதுக்குக் காரணம் அஞ்சு கிலோமீட்டர் செம்மண் ரோடுதான். செலண்டார் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துல அவ வீடு. அங்கேர்ந்து பெரிய ரோட்டு முனை வரைக்கும் அந்த அஞ்சு கிலோமீட்டரு. காலையில ஏழே காலுக்கு அந்த முனையில, அவ வேலை செய்யிற பத்து பெரண்டாம் ஊரு பேக்டரியோட வேன் வந்து நிக்கும். ரெண்டு நிமிஷம்தான் நிக்கும். முந்தியெல்லாம் தோட்டத்து லோரி ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போயி முனையில இறக்கி விடும். லோரி நின்னு போனதுலேர்ந்து நடைதான். ரெண்டு தடவ மழையில மாட்டிக்கிட்டு வேனை விட்டுட்டா. சூப்பர்வைசர் கத்தல, திட்டல. "மூணாவது தடவைன்னா நீ வர வேணாம் ராகினி"ன்னு மெதுவாச் சொல்லிட்டுப் போயிட்டாரு. கத்தியிருந்தாலே பரவால்லன்னு இருந்துச்சு அவளுக்கு.

மோட்டார் ஓட்ட லைசென்ஸ் இல்ல. கையில இருந்தது போனஸ் காசு முன்னூறு வெள்ளி. ஞாயித்துக்கெழம காலையில அம்மா வேலாயியக் கூட்டிக்கிட்டு செலண்டார் டவுன்ல இருக்கிற சைக்கிள் கடைக்குப் போனா.

கடைக்காரச் சீனரு தோட்டத்துலயே வளர்ந்தவரு. மொதலாளிங்கிறதுக்கு அங்க தௌக்கேன்னுதான் கூப்புடுவாங்க. தமிழ் நல்லாவே வரும்.

"என்னா வேணும் தங்கச்சி?" முன்னாடி கூடை வச்ச பொம்பளை சைக்கிள் ஒண்ண இழுத்து விட்டாரு. "இது நல்லது. பாசார் போலாம், மீன் வாங்கலாம்."

"நான் மீன் வாங்கப் போகல தௌக்கே. மேடு ஏறணும். கல்லும் மண்ணுமா இருக்கும்."

"மேடு எவ்ளோ?"

வேலாயி குறுக்கப் பூந்தா. "செம்பனைக் குலை ஏத்துன டிராக்டரே அங்க மூச்சு வாங்கும். அதுலேர்ந்து கணக்குப் பண்ணிக்க."

தௌக்கே சிரிச்சுட்டு உள்ள போயி ஊதாக் கலர் சைக்கிள் ஒண்ணத் தள்ளிக்கிட்டு வந்தாரு. முன்னாடி ஸ்பிரிங், பின்னாடி ஸ்பிரிங், சீட்டு ஓரத்துல மஞ்சக் கோடு. வெல இருநூத்தி எம்பது. வேலாயிக்கு முகமெல்லாம் பல்லாப் போச்சு. சீட்டக் கையால அமுக்கி அமுக்கிப் பாத்தா.

"மெத்தை மாதிரி இருக்குடி. இதையே எடு. லயத்து வீட்டு ஆளுங்க எல்லாம் வாயப் பொளந்துக்கிட்டுப் பாப்பாங்க."

ராகினி சைக்கிள் பக்கத்துல குத்துக்கால் போட்டு ஒக்காந்துட்டா. பேக்டரியில அவளுக்கு வேலையே பாக்கறதுதான். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மைக்ராஸ்கோப்புல கண்ண வச்சுக்கிட்டு, நகத்தவிடச் சின்ன சாமான்ல எங்க ஓட்டை, எங்க விரிசல்னு பாத்துத் தள்ளணும். அந்தக் கண்ணு கடைக்கு வந்தா மட்டும் சும்மா இருக்குமா? ஸ்பிரிங்கு ஒட்டுற எடத்துல வெல்டிங் கட்டி கட்டியா இருந்துச்சு. ஒரு பக்கம் இரும்பு சேரவே இல்ல. மேல பெயிண்ட் அடிச்சு மூடி வச்சிருந்தாங்க. ஏறி ஒக்காந்து மிதிச்சும் பாத்தா. மிதிக்கிற பலத்துல பாதிய ஸ்பிரிங்கே தின்னுச்சு. சைக்கிள் ஆடுச்சே தவிர நகரல.

"இது ரிஜெக்ட்மா," அப்படின்னா.

"உனக்கு வர்ற மாப்பிள்ளையையும் இப்படித்தான் குந்திப் பாப்பியா?"

"ஆமா. வெல்டிங் சரியில்லன்னா திருப்பி அனுப்பிருவேன்."

தௌக்கே விழுந்து விழுந்து சிரிச்சாரு. அப்புறம் பச்சைக் கலர்ல ஒண்ணக் காட்டுனாரு. முன் சக்கரத்துக்கு மட்டும் ஸ்பிரிங். பின்னாடி ஒண்ணும் இல்ல, கட்டை மாதிரி நேரா இரும்பு. கியரு இருந்துச்சு, டயரு முள்ளு முள்ளா இருந்துச்சு. வெல்டிங்க விரலால தடவிப் பாத்தா, வளையம் வளையமா ஒரே சீரு. மிதிச்சா, மிதிச்ச ஒடனே ஓடுச்சு. ஆனா வெல முன்னூத்தி அறுவது.

ராகினி சைக்கிள விட்டு எறங்கி, கைப்பையில இருந்த காச இன்னொரு தடவ எண்ணுனா. தௌக்கே அவ முகத்தயும் பாத்தாரு, கைப்பையயும் பாத்தாரு. "இதே சைக்கிள் உள்ள ஒண்ணு கெடக்கு லா. லோரியில வரும்போது கீறு விழுந்துச்சு. யாரும் எடுக்கல. முன்னூறு குடு."

வெளிச்சத்துக்குக் கொண்டாந்தாங்க. நடுக் கம்பியில ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையா கீறல். ராகினி கண்ணக் கிட்ட வச்சுப் பாத்தா, நகத்தால சொரண்டுனா. இரும்புல ஒண்ணும் இல்ல. பேக்டரியில இந்த மாதிரி வந்தா தனி டப்பாவுல போடுவாங்க. பார்வைக்குத்தான் கொறை, வேலைக்குக் கொறை இல்ல.

"பெயிண்ட்லதான்மா. எடுத்துக்கலாம்."

"சாமானு வாங்குற அன்னிக்கே கீறலோட வாங்குவாங்களா? நாலு பேரு கேட்டா நான் என்னா சொல்றது?"

"இரும்பு நல்லாருக்குன்னு சொல்லு."

வேலாயி பஸ்ல போனா. ராகினி அதுலயே ஏறி வீட்டுக்கு வந்தா. செம்மண் மேட்டுல கியரக் கொறைச்சதும் சைக்கிள் மொனகாம ஏறுச்சு. எறக்கத்துல பிரேக்கத் தொட்டா போதும், நின்னுச்சு. முனையிலேர்ந்து வீட்டுக்கு இருவத்தி அஞ்சு நிமிஷம். அன்னிக்கு ராத்திரி ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்லாத் தூங்குனா.

வேலாயிக்கு மட்டும் அந்தக் கீறல் கண்ண உறுத்திக்கிட்டே இருந்துச்சு. மக தூங்குனதும் சைக்கிள வாசல்ல போட்டுத் தொடைச்சா. கீறல் மேல சந்தனத்த அப்பி, அதுக்கு மேல வரிசையா மூணு குங்குமப் பொட்டு வச்சா. இப்ப கீறல் தெரியல, அலங்காரம்தான் தெரிஞ்சுச்சு. அதோட விட்டாளா? அருவா, பாராங்குக் கத்தி, குத்துவெளக்கு, எதத் தொடைச்சாலும் கடைசியில தேங்கா எண்ணெ தடவி வக்கிறது அவ வழக்கம். ரெண்டு சக்கர வளையத்துக்கும் சுத்தி சுத்தித் தடவிட்டா. கண்ணாடி மாதிரி மின்னுச்சு.

காலையில ரெண்டு டயருக்கும் அடியில எலுமிச்சங்கா வச்சு, கற்பூரம் காட்டி, "நசுக்கிட்டுப் போ"ன்னா. ராகினியும் நசுக்கிட்டுப் போனா. மணி ஆறே முக்கா. லேசா வெளிச்சம் வந்திருந்துச்சு.

மேடு நல்லபடியா ஏறுனா. எறக்கத்துல பிரேக்கப் புடிச்சா. புடிச்ச மாதிரியே இல்ல. இன்னும் இறுக்கிப் புடிச்சா. சைக்கிள் வழுக்கிக்கிட்டு வேகமாப் போச்சே ஒழிய நிக்கல. கீழ பலகைப் பாலம். பாலத்துக்கு முன்னாடி ஒரு திருப்பம். நேராப் போனா ஆறுதான். யோசிக்க நேரமில்ல. செம்பனை வரிசைக்குள்ள வெட்டி அடுக்கி வச்சிருந்த மட்டைக் குவியல் மேல சைக்கிளோட போயி விழுந்தா.

முழங்கை சிராய்ச்சிருச்சு, வேற ஒண்ணும் இல்ல. எழுந்து, பிரேக்குக் கட்டை புடிக்கிற சக்கர வளையத்தத் தொட்டுப் பாத்தா. விரல மோந்தா. தேங்கா எண்ணெ.

"அட அம்மா..."

திட்டலாம்னு வாயத் தொறந்தா, சிரிப்புதான் வந்துச்சு. கடிகாரத்தப் பாத்தா. ஏழு மணி ஆக நாலு நிமிஷம். தள்ளிக்கிட்டுப் போனா வேன் போயிரும். இப்படியே ஏறுனா, இதவிடப் பெரிய எறக்கம் ஒண்ணு இன்னும் பாக்கி இருக்கு.

பேக்டரியில சாமான்ல எண்ணெக் கறை பட்டா என்னா பண்ணுவாங்க? ஸ்பிரிட்டத் தொட்டுத் தொடைப்பாங்க. ஸ்பிரிட்டுக்கு இங்க எங்க போறது? சட்டுனு கைப்பையத் தொறந்தா. கோலோன் சென்ட்டு பாட்டில், தீபாவளிக்கு வாங்குனது, முக்காவாசி இருந்துச்சு. அதுலயும் ஸ்பிரிட்டுதானே. மொதல்ல காஞ்ச செம்மண்ண அள்ளி வளையத்துல தேய்ச்சா. எண்ணெய மண்ணு குடிச்சுச்சு. அப்புறம் கைக்குட்டைய கோலோன்ல நனைச்சு, சக்கரத்தச் சுத்தி விட்டுச் சுத்தி விட்டுத் தொடைச்சா. பிரேக்குக் கட்டையையும் விடல. பாட்டில் காலி. பிரேக்கப் புடிச்சா கிறீச்சுன்னு கத்துச்சு. அந்தச் சத்தம் அவ காதுக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்துச்சு.

பெரிய ரோட்டு முனைக்கு வந்து, பழக்கடைக் கம்பத்துல சைக்கிளச் சங்கிலி போட்டுப் பூட்டும்போது வேன் ஹோரன் அடிச்சுக்கிட்டு வந்து நின்னுச்சு. ஏழே காலு.

உள்ள ஏறுனதும் கூட வேலை செய்யிற மோகனா மூக்கச் சுருக்குனா. "என்னாடி இது, கோலோன்லயே குளிச்சுட்டு வந்தியா? யாருடி அது?"

"பச்சை கலரு. புதுசு. நேத்துதான் பாத்து முடிவு பண்ணேன்."

"சீ, போடி." அப்புறம்தான் முழங்கையப் பாத்தா. "ஐயோ, ரத்தம் வருதே! என்னா ஆச்சு?"

ராகினி ஜன்னலுக்கு வெளிய பாத்தா. கம்பத்துல சந்தனப் பொட்டோட சைக்கிள் நின்னுச்சு. முன் டயரு முள்ளுக்குள்ள எலுமிச்சந்தோலு ஒண்ணு இன்னும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

"ஒண்ணும் இல்ல லா," அப்படின்னா. "பெயிண்ட்லதான்."