ஏழு டிகிரி

பொய் சொல்வதற்கும் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். லிஃப்ட் மெக்கானிக்குக்கு அது சுத்தமாகக் கிடையாது. "பயிற்சி செஞ்சீங்களா சார்?" என்று பிசியோதெரபிஸ்ட் பெண் கேட்டதும், கட்டிலில் காலை நீட்டியபடியே, "மூணு வேளையும் செஞ்சேம்மா" என்றார். அவள் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே பையிலிருந்து கோணமானியை எடுத்தாள். இரண்டு நீளக் கைகள் வைத்த பிளாஸ்டிக் சாமான். அதைக் கணுக்காலில் வைத்து, பாதத்தை மேலே தூக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"போன வாரம் எட்டு டிகிரி வந்துச்சு. இப்ப ஏழு. உங்க வாய் ஒண்ணு சொல்லுது, கால் ஒண்ணு சொல்லுது."

அவர் சுவரைப் பார்த்தார். அவள் வாசலில் நின்ற மனைவியிடம் திரும்பினாள். "புது மூட்டு நல்லாத்தான் உக்காந்திருக்கும்மா. ஆனா சுத்தி இருக்கிறது இறுகிப்போச்சுன்னா ஆபரேஷன் பண்ணியும் பழையபடி நொண்டத்தான் வேணும். இந்த ஒரு மாசத்தை விட்டுட்டா அப்புறம் கஷ்டம்."

அவள் போனதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "எவன் வீட்டு லிஃப்டோ பாதியில நின்னா, பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சு ஓடுவீங்க. சொந்தக் காலுக்கு ஒரு துண்டைப் பிடிச்சு இழுக்க வலிக்குதாக்கும்!"

வலிக்கவில்லை. வலிக்காததுதான் அவருடைய சங்கடம்.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் மழையில் வேனை ஓட்டியது அவர். பக்கத்தில் அண்ணன். வளைவில் பிரேக்கை அழுத்தியது ஒரு நொடி பிந்திவிட்டது. அண்ணன் அங்கேயே போய்விட்டார். இவர் நொறுங்கிய வலது கணுக்காலோடு வீடு வந்தார். ரோடு சரியில்லை என்றார்கள், விதி என்றார்கள். ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு கடுஞ்சொல் வரவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். எலும்பு கூடியது, மூட்டு தேய்ந்துகொண்டே போனது. அடிக்கு அடி குத்தும். எனக்கு வேண்டியதுதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வார். மூட்டை மாற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்லியும் நாலு வருடம் சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தார். ஏணியில் கால் வைக்கவே முடியாமல் போன பிறகுதான் மனைவியின் பிடிவாதம் ஜெயித்தது.

ஆபரேஷன் முடிந்து, கட்டு பிரித்து, வாக்கரைப் பிடித்து முதல் அடி வைத்த அன்று அந்தப் பழைய வலியைக் காணோம். வேறு யாராக இருந்தாலும் கும்பிடு போட்டிருப்பார்கள். இவருக்கோ அண்ணனை எங்கேயோ தவறவிட்டுவிட்டு வந்தது போல இருந்தது. அன்றிலிருந்து பயிற்சித் துண்டு மடித்தபடியே கிடக்கிறது.

மனைவி மாடிக்குப் போய் அண்ணியிடம் புலம்பியிருக்க வேண்டும். மத்தியானம் அண்ணி இறங்கி வந்தாள். தேவை இல்லாமல் கீழே வருகிறவள் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துண்டை எடுத்து உதறினாள்.

"காலை நீட்டுங்க தம்பி."

"நீங்க எதுக்கு அண்ணி..."

"நான் ஒண்ணு சொல்லணும். குறுக்கே பேசாதீங்க." அவள் துண்டையே பார்த்துக்கொண்டு பேசினாள். "பதினோரு வருஷமா மாடியில இருந்து உங்க நடையைக் கேக்கறேன். ஒரு அடி வைப்பீங்க, ஒரு அடி இழுப்பீங்க. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு மனசு ஆறும். அவரு போயிட்டாரு, இவருக்காவது வலிக்குதேன்னு. உங்க மேல தப்பில்லைன்னு ஊருக்கெல்லாம் சொன்னவ நான்தான். உள்ளுக்குள்ள இப்படி இருந்திருக்கேன்."

அந்த வார்த்தை அவரைச் சுட்டது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. ஒருத்தராவது சொல்லிவிட்டார்களே என்ற நிம்மதி.

"நீங்க பயிற்சி செய்யலைன்னு அவ வந்து அழுதப்ப முதல்ல சந்தோஷமா இருந்துச்சு தம்பி. அப்புறம் என்னை நினைச்சு எனக்கே பயமாயிடுச்சு. இன்னும் எத்தனை வருஷம் நான் அதைக் கேட்டுட்டு உக்காந்திருக்கணும்? நேரா நடந்துருங்க. எனக்காக நடங்க."

"அண்ணி, அன்னைக்கு நான் கொஞ்சம் முன்னாடியே பிரேக்கை..."

"தெரியும்," என்றாள். "தெரியும் தம்பி."

துண்டைப் பாதத்தில் சுற்றி இரண்டு முனைகளையும் அவர் கையில் கொடுத்தாள். அவர் தன்னை நோக்கி இழுத்தார். குதிகாலில் தொடங்கி முழங்காலின் பின்பக்கம் வரை சுரீரென்று இழுத்தது. இது அவருக்குப் பழக்கமில்லாத வலி.

"ஒண்ணு," என்றாள் அண்ணி. விட்டு, மறுபடி இழுத்தார். "ரெண்டு." மூன்றில் அவள் குரல் கம்மியது. அதற்கு மேல் வரவில்லை. முகத்தை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதாள். வாசலில் நின்ற மனைவி ஓர் அடி எடுத்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

அவர் துண்டை விடவில்லை. கண்ணீர் தாடையில் வழிய, கெண்டைக்கால் நடுங்கும் வரை இழுத்துப் பிடித்தார்.

"நாலு, அண்ணி," என்று அவரே எண்ணினார். "அஞ்சு."