பத்துப் பேர் கிடைக்காத மாலை

பிலிமத்தலாவைப் பக்கம் மண் சரிந்து கொழும்பு வீதி மூடிக்கிடந்தது. கண்டி விடுதியொன்றின் வராந்தாவில் அமெரிக்க யூதப் பயணி மெண்டல் சட்டைக் கழுத்தைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதிரையில் துருத்திய ஆணி வேலையோ என்று விடுதிக்கார ஹாஷிம் பதறினார். அதை அடித்து இறக்கும்படி மனைவி றமீலா சொல்லாத நாளில்லை.

ஆணி இல்லை. துக்கத்தில் சட்டையைக் கிழிப்பது யூதர் வழக்கமாம். நியூயோர்க்கில் மெண்டல் ஓதிய யெஷிவாவின், நம்முடைய மத்ரஸா போல ஒன்றின், தலைவர் மௌத்தாகிவிட்டார். இன்றே அடக்கம்.

"அவருக்குப் பிள்ளைகள் இல்லை. 'எனக்காக நீ ஓது' என்று என்னிடம்தான் சொன்னார். இறந்தவருக்கான அந்தப் பிரார்த்தனையைப் பத்து ஆண்கள் கூடினால்தான் ஓதலாம்," என்றான் மெண்டல்.

"பத்துத்தானே? பள்ளிவாசல்லருந்து நாப்பது பேரக் கூட்டிட்டு வாறன்."

"யூதர்களாக இருக்க வேண்டும். கொழும்பில் கிடைப்பார்கள்; வீதிதான் மூடிவிட்டதே."

பத்து யானை கேட்டிருந்தால் பெரஹரா ஊர்வலம் இல்லாத காலத்திலும் ஹாஷிம் பிடித்துக் கொடுத்திருப்பார். வேனை எடுத்தார். ஏரியைச் சுற்றி விடுதி விடுதியாக அலைந்தார்கள். யூதப் பயணிகள் எல்லோரும் அறுகம்பே கடற்கரைக்குப் போய்விட்டார்களாம். மிஞ்சிய ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தார். தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவரை ஹாஷிம் ஓடிப்போய் மறித்தார். அவர் ஜெர்மன் பாதிரியார்.

திரும்பி வந்தபோது வெயில் மலையேறிவிட்டிருந்தது.

"என்னை நம்பித்தான் போயிருக்கிறார்," என்ற மெண்டல் முகத்தை மூடிக்கொண்டான்.

பிறகு மெண்டல் பையிலிருந்து யூதச் சட்டநூலை எடுத்தான். ஒரு வரிக்கு மேல் குரல் எழும்பவில்லை.

"அவர் பெயரால் இதையாவது படிக்கலாம். ஆனால் தனியாகப் படிப்பது படிப்பே இல்லை என்பார். எதிரில் ஒருவன் மறுத்துப் பேச வேண்டும்."

"மறுத்துப் பேசத்தானே?" உள்ளேயிருந்து றமீலா கணவனிடம் சொன்னாள். "ஒங்கள விட்டா இந்தக் கண்டியில வேற ஆரு இரிக்கி?"

ஹாஷிம் ஆணிக் கதிரையில் பக்குவமாக அமர்ந்தார்.

"தெருவில் கிடந்த குடையை ஒருவன் எடுக்கிறான்," என்று தொடங்கினான் மெண்டல். "அடையாளம் சொல்பவனிடம் கொடுக்க வேண்டும்."

"கம்பி ஒடஞ்சதுன்னு சொல்லுவான். இந்த ஊர்ல எந்தக் குடைக்குக் கம்பி ஒடயல்ல?"

"அது அடையாளமாகாது."

"அப்ப குடைய நானே வெச்சிக்கிறன்."

"பிழை," என்று மெண்டல் மேசையில் அடித்தான். கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் எழுந்துவிட்டது. "முழுப் பிழை. உங்களுடையது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. மெண்டலின் துஆ ஓதப்படாமலே பொழுது போயிற்று.

"தொழுதிட்டு வாறன்," என்று எழுந்தார் ஹாஷிம். "குடைய நான் இன்னும் குடுக்கல்ல, தெரியுமா?"

மெண்டல் அந்த வரியிலிருந்து விரலை எடுக்காமல் காத்திருந்தான்.