லிஃப்ட்காரரின் வண்டி பேசிய பதினேழு வாரம்

சைலன்சரை அறுத்துத் திருத்திய மறுநாள் காலை எட்டு இருபதுக்கு, மருந்துக்கடை வாசலைக் கடக்கும்போது, லிஃப்ட்காரரின் மோட்டார் சைக்கிள் ஒரு பெண்ணின் குரலில், "சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாத்தணும், ஒரு மாசமா சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றது. மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பின்னிருக்கையில் லிஃப்ட்காரரின் மனைவி, இரண்டு சாப்பாட்டு டப்பாக்களை மடியில் இறுக்கிக்கொண்டு, வாயை மூடியபடிதான் உட்கார்ந்திருந்தாள். குரல் மட்டும் அவளுடையது. வண்டி வளைவில் திரும்பி மறைந்ததும் மருந்துக்கடைக்காரர் இருமல் மருந்துப் பாட்டில்களைத் துடைக்கிற வேலைக்குத் திரும்பினார்.

வண்டி வாங்கிப் பதினேழு வருஷம். ஓட்டுகிறவர் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். யார் எதைச் சொன்னாலும் 'சரி' என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்வதால் வேலை செய்யும் இடத்தில் அவருக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். பதின்மூன்று மாடிக் கட்டடத்து வாட்ச்மேன், "ஆளும் ஊமை, வண்டியும் ஊமை. ரெண்டும் சேர்ந்து வந்தா நான் மோப்பம் பிடிச்சுத்தான் கேட்டைத் திறக்க வேண்டியிருக்கு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தான். அதற்கும் அவர் 'சரி' என்றார். ஆனால் அது உள்ளே தைத்துவிட்டது. தன்னால் முடியாததை வண்டியாவது செய்யட்டுமே என்று தோன்றியிருக்க வேண்டும். பாலத்து ஏற்றத்தில் வண்டி மூன்றாவது கியரில் முக்கி முனகுகிறது, பிக்கப் போதவில்லை என்று ஒரு காரணத்தையும் சேர்த்துக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே பட்டறை வைத்திருந்த வெல்டரிடம் போய் நின்றார்.

வெல்டர் கைசுத்தமான வேலைக்காரர். வாய்தான் கொஞ்சம் நீளம். கிரைண்டரால் சைலன்சரின் பின்மூடியை வளையம் போட்டு அறுத்தார். உள்ளே கம்பெனி வைத்திருந்த தடுப்புத் தகடுகள் மூன்றையும் உருவி எறிந்தார். முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஓட்டை போட்ட நேர்க்குழாய் ஒன்றைச் செருகி மூடியைத் திரும்பப் பற்றவைத்தார். புகை தடையில்லாமல் போனால் எஞ்சின் பட்டினி கிடக்கும் என்று கார்புரேட்டரில் பெட்ரோல் விடும் ஜெட்டையும் ஒரு அளவு பெரிதாக்கினார். வெளிக்கூட்டின் உட்சுவரில் விரல்கனத்துக்குப் படிந்திருந்த கரியை மட்டும் சுரண்டவில்லை. "இருக்கட்டும்ணே, ஓட ஓட அதுவே உதிரும்" என்றார். அது உதிரத்தான் செய்தது.

அந்தக் கரியில் என்ன இருந்தது என்று ஊரில் ஒருத்திக்குத்தான் தெரியும். லிஃப்ட்காரரின் மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். காலையில் கணவர் அவளைக் கடையில் இறக்கிவிட்டுப் போவார், மாலையில் ஏற்றிக்கொண்டு வருவார். வீட்டில் இருவரும் உப்பு, சாவி, தண்ணீர் மோட்டார் இவற்றைத் தவிர வேறு எதையும் பேசியதில்லை. முகத்துக்கு நேராக அவளுக்குப் பேச்சு வராது. பின்னிருக்கையில் ஏறியதும் வந்துவிடும். முன்னால் தலைக்கவசம், காதோரம் காற்று, பக்கத்தில் லாரி. அவர் காதில் ஒரு எழுத்துகூட விழாது என்ற தைரியத்தில், மனசில் இருந்ததையெல்லாம் அவர் முதுகுக்குச் சொல்லிக்கொண்டு வருவாள். காற்று அதைத் தன்னோடு கொண்டுபோகிறது என்றுதான் நினைத்திருந்தாள். அது கீழே இறங்கிப் புகையோடு கரியாகப் படிந்திருக்கிறது.

கடைசியாகப் படிந்தது முதலில் உதிர்ந்தது. முதல் வாரம் போன வருஷத்துப் பேச்சு வந்தது, இரண்டாவது வாரம் அதற்கு முந்தின வருஷத்துப் பேச்சு. வாரத்துக்கு ஒரு வருஷம் என்ற கணக்கு பிசகவில்லை. தெருவில் இருந்தவர்கள் தத்தம் பங்கைக் கேட்டுக்கொண்டார்கள். "மருந்துக்கடைக்காரர் சிரிப்பைக்கூட டாக்டர் சீட்டு இருந்தாத்தான் கொடுப்பார் போல" என்று வண்டி சொன்னதிலிருந்து மருந்துக்கடைக்காரர் சீட்டு இல்லாதவர்களைப் பார்த்தும் சிரித்தார். "உங்க தங்கச்சி போனைக் கையில எடுத்தா நான் ஒரு லென்ஸ் தேய்ச்சு முடிச்சிடலாம்" என்பதைத் தன் வீட்டு வாசலிலேயே கேட்ட நாத்தனார், மறுநாள் மூன்றே நிமிஷத்தில் போனை வைத்துவிட்டு, "போதுமா அண்ணி?" என்று கேட்டாள். மாடியில் குடியிருந்தவளுக்கு மட்டும் வாராவாரம் நல்ல வார்த்தையே வந்தது. "ராத்திரி பகலா கட்டிலை இழுத்துப் போடுறா, இருந்தாலும் அன்னிக்குத் துணியை மடிச்சு வெச்சாளே, அந்த ஒண்ணுக்காகப் பொறுத்துக்கலாம்." எந்தத் துணி, எப்போது மடித்தோம் என்று மாடிக்காரிக்கு ஞாபகம் இல்லை. வந்த புகழை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

ஊரே கேட்டதை ஒருவர் மட்டும் கேட்கவில்லை. புகைக்குழாய் பின்னால் இருந்தது, அவர் முன்னால் இருந்தார். பாலத்தை நான்காவது கியரிலேயே ஏறிவிடுகிறது என்பதில் அவருக்குப் பரம திருப்தி. வாட்ச்மேனிடம், "சத்தம் எப்படி?" என்று வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே ஒரு பேச்சைத் தொடங்கினார். "நல்லா பேசுதுண்ணே" என்றான் வாட்ச்மேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு லிஃப்டுக்குள் போனார்.

அவள் மூன்றாவது வாரமே வெல்டரின் பட்டறைக்குப் போய்விட்டாள். எட்டாவது வாரத்தில் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் நாலு மாதம் 'சரி'யைக்கூடச் சொல்லாமல் இருந்தார். சாப்பிடுவார், படுப்பார், சுவரைப் பார்ப்பார். ஒரு சாயங்காலம் பாலத்தின் மேல் வரும்போது அவர் முதுகிடம், நாளைக்கு நான் போய்விடப் போகிறேன் என்று சொன்னாள். சொன்னபடி மறுநாள் தலைவலி என்று வீட்டில் தங்கி, சாவியை மீட்டர் பெட்டிமேல் வைத்துவிட்டு, ஒன்பதரை பஸ்ஸில் அக்காள் ஊருக்கு ஏறியும்விட்டாள். முக்கால் மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கொடியில் துணி கிடப்பது நினைவுக்கு வந்தது. அவருடைய இரண்டு சட்டையும் அதில்தான் இருந்தன, மறுநாளைக்கு வேறு இல்லை. துணி நனைகிறதே என்று பாதி வழியில் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, வேறு பஸ் பிடித்து மூன்று மணிக்கு வீடு வந்து சேர்ந்தாள். சாவி மீட்டர் பெட்டிமேல் வைத்தபடியே இருந்தது. துணி நனையாமல், மடித்து, சன்னல் திண்டில் இருந்தது. மாடிக்காரி புண்ணியவதி என்று நினைத்துக்கொண்டாள். அவர் வழக்கம்போல ஆறு மணிக்கு வந்தார். அவள் போனதும் வந்ததும் யாருக்கும் தெரியாமலே எட்டு வருஷம் ஓடிவிட்டது.

"பழைய தகட்டையே மாட்டிக் கொடுத்துடுங்க தம்பி" என்றாள் வெல்டரிடம்.

"அதை அன்னிக்கே பழைய இரும்புக்குப் போட்டாச்சேக்கா. வேணும்னா பின்வாயில ஒரு அடைப்பு வெச்சுத் தரேன். ஆனா அடைச்சு வெச்சா உள்ளயே சேரும். ஒருநாள் மொத்தமா வரும். சந்தையில வரும், சாவு வீட்டு வாசல்ல வரும், எங்க வரும்னு நான் சொல்ல முடியாது."

"இரும்பை மட்டும்தான் பத்தவைப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் குழாயைத்தான்க்கா நேராக்கினேன். உள்ள இருந்தது உங்க சரக்கு."

ஊரார் வாயால் அவருக்குத் தெரிவதற்கு முன் தானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். ஐந்தாவது வாரம், சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, "ஏங்க, ஒண்ணு சொல்லணும்" என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் வந்தது, "தண்ணி மோட்டார் போட்டீங்களா?" என்பதுதான். "போட்டேன்" என்றார். ஆறாவது வாரம் மறுபடி முயன்றாள். சாவியைப் பற்றிப் பேச்சு வந்தது, ஆனால் அது பூட்டுக்கு எண்ணெய் விடுவதோடு நின்றுபோனது. ஏழாவது வாரம் அவர் தூங்கியபின் முதுகுப்பக்கமாக உட்கார்ந்து பார்த்தாள். முதுகு இருந்தது, ஓட்டம் இல்லை. பேச்சு வரவில்லை.

எட்டாவது வாரம் பாலத்தின் அடியில் போக்குவரத்து அலுவலர் ஒருவர் மேசை போட்டு, வண்டிகளின் சத்தத்தை அளந்துகொண்டிருந்தார். லிஃப்ட்காரருக்குச் சைலன்சர் விஷயத்தில் குற்றமுள்ள நெஞ்சு. அதனால் நான்கு நாளும் சந்து வழியாகச் சுற்றிப்போனார். ஐந்தாம் நாள் மாலை, பாலத்தை நெருங்கும்போது, வண்டி மழை வாசனையைப் பற்றியும் கொடியில் காயாத துணியைப் பற்றியும் பேசத் தொடங்கியது. அது அந்தச் சாயங்காலத்துப் பேச்சுதான். அதற்குமேல் வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்ல முடியாது என்று தெரிந்தபோது, அவர் இடது தோளை அழுத்தி முன்னால் கையைக் காட்டினாள். நேராகப் போகச் சொல்லும் சைகை; மேசை முன்னால் தலைக்கவசத்தைக் கழற்றினால் வண்டியே அவர் காதில் சொல்லிவிடும். அவர் 'சரி' என்றாரோ என்னவோ, சந்துக்குத் திரும்பாமல் நேராக மேசை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

அலுவலர் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றச் சொன்னார். தலைக்கவசத்தைக் கழற்றச் சொன்னார். "நீங்க பின்னாடி வந்து இந்த மீட்டரைப் பிடிங்க, குழாய்க்கு அரை மீட்டர் தள்ளி. அம்மா, நீங்க ஆக்சிலேட்டரை முறுக்குங்க. போதும்னு சொல்ற வரைக்கும் விடாதீங்க" என்றார். உதவியாள் லீவு என்பதால் நான்கு நாளாக இப்படித்தான் ஆளுக்கு ஒரு வேலை கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக வண்டியின் கைப்பிடியைத் தொட்டாள். அவர் முதல் தடவையாக வண்டிக்குப் பின்னால் குந்தினார். அவள் முறுக்கினாள்.

"நாளைக்கு ஒம்பதரை பஸ்ஸுல நான் அக்கா வீட்டுக்குப் போறேன்" என்றது வண்டி. "திரும்பி வர மாட்டேன். சாவி மீட்டர் பெட்டிமேல இருக்கும்." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கையை விடவில்லை. அப்போது அவள் குரலுக்கு அடியில், தலைக்கவசத்துக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கி, இன்னொரு குரல் வந்தது. அதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"நாலு மாசமா வேலை இல்லை. டப்பாவை எடுத்துக்கிட்டுப் போய், பதின்மூணு மாடிக் கட்டடத்துல சும்மா மேலயும் கீழயும் போயிட்டு வரேன்."

"உங்ககிட்ட சொன்னா இதுக்கு மட்டும் சரின்னு சொல்லிடுவீங்க. அந்தச் சரியைக் கேக்கத்தான் பயமா இருக்கு."

"எப்படிச் சொல்றது. சொன்னா போயிடுவா."

"சட்டை ரெண்டும் கொடியில இருக்கு. மறக்காம எடுத்துக்குங்க."

"நாளைக்குச் சொல்லிடுவேன். நாளைக்குக் கண்டிப்பா."

அன்று ஒரே வண்டியில், ஒரே பாலத்தில், ஒருவருக்கொருவர் காது கேட்காமல் இருவரும் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மேசையைச் சுற்றி நின்றவர்களுக்கு அது ஒழுங்கான உரையாடலாகத்தான் கேட்டது. அலுவலர் "போதும்" என்றார். அவள் விட்டாள். மீட்டரைப் பிடித்தபடி குந்தியிருந்தவர் எழுந்திருக்கவில்லை.

"துணியை நான்தான் எடுத்து மடிச்சேன்" என்றார்.

அவள் திரும்பினாள்.

"மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. வேலை இல்லாதவனுக்கு என்ன, பதினோரு மணிக்கே வந்துட்டேன். வீடு பூட்டியிருந்துச்சு, சாவி மீட்டர் பெட்டிமேல இருந்துச்சு. துணியை எடுத்துச் சன்னல் திண்டுல வெச்சுட்டு, சாவியைத் தொடாம, திரும்பப் போய் லிஃப்ட்ல ஏறிக்கிட்டேன்."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"சாயந்தரம் வந்தேன். நீ அடுப்படியில இருந்தே. அதுக்கப்புறம் என்ன கேக்கறது."

அவள் அந்தச் சட்டைகளை நினைத்துப் பார்த்தாள். காலர் உள்பக்கம் மடங்கியிருந்தது. அப்படி மடிப்பவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். "எட்டு வருஷமா அந்த மாடிக்காரி கட்டிலை இழுக்கிறதைப் பொறுத்துக்கிட்டிருக்கேன்" என்றாள். அவர் சிரித்தார். சிரிப்புச் சத்தம் மீட்டரில் விழுந்து முள் ஆடியது. அலுவலர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. சீட்டில் சத்தம் அளவுக்குள் இருக்கிறது என்று எழுதி, குறிப்பு என்ற இடத்தில் 'கணவன் மனைவி பேச்சு' என்று எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார். நாலு மாதம் சும்மா ஏறி இறங்கிய அந்தக் கட்டடத்திலேயே, துணியை மடித்ததற்கு அடுத்த வாரம் அவருக்கு வேலை கிடைத்த கதையை, வீடு வரும்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே சொன்னார். வண்டியில் ஏறினால் மறுபடி ஒன்றும் காதில் விழாது என்றார்.

அன்று மாலையிலிருந்து, மாடியில் கட்டில் இழுபட்டால் அவள் துடைப்பக் குச்சியால் கூரையைத் தட்டினாள்.

மீதி ஒன்பது வாரமும் கரி உதிர்ந்தது. கடைசி இரண்டு வாரம் கல்யாணமான புதிதில் பேசிய பேச்சு வந்தது. பள்ளிக்கூடம் இருக்கிற தெருவில் டீச்சர் சன்னலைச் சாத்தச் சொன்னார். தானும் சாத்திய சன்னலுக்கு அருகிலேயே நின்றுகொண்டார். பதினேழாவது வாரம் முடிந்ததும் வண்டி நின்றது. ஓட்டம் அல்ல, சத்தம். எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் சுற்றுகிறது, பாலத்தை நான்காவது கியரில் ஏறுகிறது, ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. வெல்டர் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பழுது ஒண்ணும் இல்லைக்கா. சரக்கு தீந்துபோச்சு" என்றார்.

அதற்கப்புறம் அந்த வண்டி அவர்கள் பேசினால்தான் சத்தம் போடும். இப்போது பேச்சு படிவதில்லை, அந்தக் கணமே நேராகப் பின்னால் வந்துவிடுகிறது. குழாய் வாஷர், லென்ஸில் விழுந்த கீறல், ஏழாவது மாடி லிஃப்டின் கதவு எல்லாம் தெருவுக்குத் தெரியும், தெருவும் கேட்டுப் பழகிவிட்டது. முன்னால் இருப்பவருக்கு இன்றைக்கும் ஒன்றும் காதில் விழுவதில்லை. ஆனால் முதுகில் அவள் மூச்சு படுவதை வைத்து, ஏதோ சொல்கிறாள் என்று தெரிந்துகொள்கிறார். உடனே வண்டியை ஓரம்கட்டி, தலைக்கவசத்தைக் கழற்றி, திரும்பிப் பார்த்து, "என்ன சொன்னே?" என்கிறார். அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறாள். பாலத்தின் மேல் இப்படி நிற்கும்போது பின்னால் வருகிற பஸ்ஸும் லாரியும் நிற்கும். யாரும் ஹாரன் அடிப்பதில்லை. சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று டிரைவர்களுக்குத் தெரியும், எஞ்சினை அணைத்துவிடுவார்கள்.