எழுதியபடியே வாசிக்கப்படும்

மன்றாட்டுப் பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது மடிப்பைத்தான். நோயாளிகளுக்காக எழுதுகிறவர்கள் சீட்டை இரண்டாக மடிப்பார்கள். பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகளின் அம்மாக்கள் நான்காக மடிப்பார்கள். மருமகளைப் பற்றி ஆண்டவரிடம் கோள் சொல்கிற மாமியார்கள் எட்டாக மடித்து, முடிந்தால் பசையும் தடவுவார்கள். அந்தச் சனிக்கிழமை காலையில் எல்லாச் சீட்டுகளுக்கும் அடியில் ஒன்று மடிக்காமலே கிடந்தது. இதோடு மூன்று வாரமாக இப்படி வருகிறது.

"செவ்வாய் 1420. பதினொரு பேர். இரண்டு உருவங்கள் சிறியவை. இவர்களுக்காக."

அவ்வளவுதான். பெயர் இல்லை, என்ன வேண்டும் என்று கேட்கவும் இல்லை. சுகம் வேண்டுமா, வேலை வேண்டுமா, மழை வேண்டுமா, ஒன்றும் இல்லை.

எனக்கு ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிற வேலை. இருபத்திரண்டு வருடமாக மனிதர்களைச் சந்தேகப்பட்டுத்தான் சோறு தின்கிறேன். டிக்கெட் வைத்திருப்பவன் எதுவும் பேசமாட்டான். பைகளைக் குடைந்து, வியர்த்து, கடைசியில் எடுத்து நீட்டுவான். டிக்கெட் இல்லாதவனிடம்தான் காரணங்கள் வரிசையாக, இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். இந்தப் புத்தி வேலை முடிந்ததும் சட்டையோடு கழன்று விழுவதில்லை. முதல் சீட்டு வந்த வாரமே கோயிலுக்கு வருகிற ஒவ்வொருவருடைய கையெழுத்தையும் ஏதாவது சாக்கு வைத்துப் பார்த்துவிட்டேன். மருந்துக்கடைக்காரர் மேல் எனக்கு நான்கு நாள் பலத்த சந்தேகம் இருந்தது. பாவம், அவர் எழுத்து அவருக்கே புரியாது என்று பிறகு தெரிந்தது.

பூசையில் மன்றாட்டு வாசிப்பது ஐந்து வருடமாக என் பொறுப்பு. எனக்கு முன்னால் வாசித்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். பிழை கண்டால் திருத்தாமல் இருக்கமுடியாத கை அவருக்கு. "குடிச்சிட்டு அடிக்கிற என் புருசனுக்காக" என்று ஒரு பெண் எழுதியதை அவர் "சுகவீனமான என் கணவருக்காக" என்று மெருகேற்றி வாசிக்க, அவள் நடுப்பூசையில் எழுந்து நின்று, "யாரோ ஒருத்தி புருசனுக்காக வேண்ட வேணாம், என் புருசனுக்காக வேண்டுங்க!" என்று கத்தினாள். அன்றைக்கே பங்குத்தந்தை ஒரு அட்டையில் எழுதி பெட்டியின் மேல் ஒட்டினார்: எழுதியபடியே வாசிக்கப்படும். ஆசிரியர் கோபித்துக்கொண்டு விலகினார். எதையும் திருத்தத் தெரியாதவன் என்பதால் நான் வந்தேன்.

வாசிப்பது சுலபமான வேலை. ஒவ்வொரு மன்றாட்டையும் வாசித்து நிறுத்தினால் எல்லோரும் ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பார்கள். என்ன வாசித்தாலும் சொல்வார்கள். ஒருமுறை தாளின் அடியில் இருந்த அறிவிப்பையும் சேர்த்து, "கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கி வைக்கவும்" என்று வாசித்துவிட்டேன். முந்நூறு பேரும் உருக்கமாக, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

போன வருடம் எங்கள் சந்தையில் குண்டு வெடித்தது. ஏழு பேர். எனக்குச் சீருடை தைத்துக் கொடுத்த தையல்காரர் அதில் ஒருவர். அதற்குப் பிறகுதான் எங்கேயோ தூரத்தில் போர் தொடங்கியது. ஊருக்கு வெளியே இருந்த பழைய ராணுவ முகாமைச் சுற்றிப் புதிய வேலி வந்தது, கோயிலில் புதிய முகங்கள் வந்தன. பங்குத்தந்தை படித்தவர். மூன்று ஞாயிறு தொடர்ந்து, விசுவாசி போரை ஏற்கலாமா என்று பிரசங்கம் வைத்தார். அதிகாரம் உள்ளவர் தொடுக்க வேண்டும், காரணம் நியாயமாக இருக்க வேண்டும், வேறு வழி இல்லாமல் போயிருக்க வேண்டும், அடி அளவோடு இருக்க வேண்டும், அப்பாவியைக் குறிவைக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். கடைசியில் கை மூடிக்கொண்டது. நம்முடைய போரில் ஐந்தும் சரியாக இருக்கிறது என்றார். பக்கத்தில் இருந்தவர்களோடு சேர்ந்து நானும் தலையாட்டினேன். ஆட்டிக்கொண்டே, எவ்வளவு வரிசையாக இருக்கிறது என்றும் நினைத்தேன். தையல்காரரின் முகம் நினைவுக்கு வர, அந்த நினைப்பை விரட்டிவிட்டேன்.

முதல் இரண்டு சீட்டுகளையும் அவரிடம் காட்டினேன். வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டார். மூன்றாவதை, மற்ற மன்றாட்டுகளோடு சேர்த்துத் தாளில் எழுதி, பூசை உடை மாற்றும் அறையில் அவர் முன்னால் வைத்தேன். சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. பேனாவை எடுத்து அந்த ஒரு வரியின் மேல் கோடு போட்டார்.

"பெட்டி மேல எழுதியிருக்கே ஃபாதர்," என்றேன்.

"இது மன்றாட்டு இல்ல, தகவல். முகாம் அதிகாரி மூணாவது வரிசையில உக்காந்திருக்கார். இந்தக் கணக்கு உண்மையா இருந்தா எழுதுனவன் ஜெயிலுக்குப் போவான். பொய்யா இருந்தா ஊரைக் குழப்புறான். ரெண்டுக்கும் பீடத்துல இடம் கிடையாது."

பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நேரத்தை இப்படிப் புள்ளி வைக்காம எழுதுறது ரயில்காரங்க பழக்கம்தானே?"

எனக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருடமாக நான் மற்றவர்களைப் பார்த்த பார்வை அது. அதற்கு முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் எழுதவில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரல் பொய் சொல்கிறவன் குரல் மாதிரி இருந்தது.

"நான் ஏழு பெட்டியை அடக்கம் பண்ணேன்," என்றார் மெதுவாக. "அதுல ஒண்ணைத் தூக்க ஒரு ஆள் போதும், அவ்வளவு லேசு. சும்மா இருந்திருக்கணுமா? நீங்களே சொல்லுங்க."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. நடிப்போ என்றுகூடக் கவனித்துப் பார்த்தேன். என் புத்தி அப்படி. நடிப்பு இல்லை. தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மதியம் தங்கை வீட்டில் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டே ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தேன். காந்தத்துக்குக் கீழே ஒரு தாள். "வியாழன் 1730. பாப்பா. பல் டாக்டர்." கோடு போட்டு அதன்மேல் நிறுத்தி வைத்த மாதிரி அதே எழுத்துகள்.

"என்ன அண்ணா அப்படி முறைக்கிற? எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் டிக்கெட் எடுக்கலையா?" என்று தங்கை சிரித்தாள்.

நானும் சிரித்தேன். ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவன், ஞாயிறுதோறும் கூட உட்கார்ந்து சாப்பிடுகிற ஆளை விட்டுவிட்டேனே!

மாப்பிள்ளைக்கு முகாமில் வேலை. என்ன வேலை என்று கேட்டால், "ஸ்கிரீன் பாக்குறது மச்சான்" என்பார். ஆள் இல்லாத விமானம் வேறொரு வானத்தில் பறக்கும். இவர் இங்கே குளிரூட்டிய அறையில் நாற்காலியில் உட்கார்ந்து அதை ஓட்டுவார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அப்படிச் சொல்வதில்லை. "ஆபீஸ் போயிருக்காரு" என்பாள் தங்கை. காலையில் போய், பாப்பாவுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கிற நேரத்துக்குத் திரும்பிவிடுவார். கோயிலில் பாடகர் குழுவில் கடைசி வரிசை, கனத்த குரல்.

பின்கட்டில் உட்கார்ந்து பாப்பாவின் பள்ளிக்கூட ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏணியைக் கொண்டாந்தேன் மாப்ள."

"அப்படிச் சாத்தி வைங்க மச்சான்." தலை நிமிரவில்லை. பிரஷ் மேலும் கீழும் போய்வந்தது. "ரெண்டு வாரமா வாசிக்கலையே."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். உள்ளே தங்கை குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஃபாதர் வேணாங்கறார். வாங்கி இழுப்பறையில போட்டுட்டார்."

"நீங்க?"

"நான் ஏணி குடுக்க வந்தவன்."

அவர் ஷூவைத் திருப்பி மறுபக்கம் தேய்க்க ஆரம்பித்தார். "அடிச்சதும் எந்திரிச்சு வந்துட முடியாது மச்சான். புகை அடங்குற வரைக்கும் அங்கயே சுத்திக்கிட்டு இருக்கணும், எண்ணணும். அதுவும் வேலையில சேர்ந்ததுதான். மேலேர்ந்து முகம் தெரியாது. அடிக்கிறதுக்கு முன்னாடி அவங்க நடக்கும்போது விழுந்த நிழலை வெச்சு உயரம் தெரியும். அதிகாரிக்கு எழுதி அனுப்பிடுவேன். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நேரா வீட்டுக்கு வந்துடுவேன்."

"அந்த அதிகாரிக்குக் கேட்டதும் தெரிஞ்சிடும்."

"தெரியும்."

"என் தங்கச்சி கதி? பாப்பா?"

பிரஷ் நின்றது. ஷூவின் முனையைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"ஃபாதர் நியாயம்ங்கறார். நானும் நம்புறேன். நம்பாம காலையில எப்படிக் கிளம்புவேன், சொல்லுங்க. நியாயம்னா கோயில்ல சத்தமா சொல்லலாமே மச்சான். அதுக்கு ஏன் இழுப்பறை?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தங்கையின் வீட்டை நடுத்தெருவில் நிறுத்துகிற காரியத்தை என் வாயால் செய்யச் சொல்கிறாரே என்ற கோபம். "அப்ப நீங்களே எந்திரிச்சுச் சொல்ல வேண்டியதுதானே மாப்ள. என் தலையில ஏன் கட்டுறீங்க?"

"நான் சொன்னா நான் மட்டும் சொன்னதா இருக்கும். நீங்க வாசிச்சா எல்லாரும் பதில் சொல்வாங்க."

தங்கை காப்பியோடு வந்தாள். மாப்பிள்ளை ஷூவைத் தூக்கிக் காட்டினார், முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது. "இவரு தேய்க்கிற தேய்ப்புல ஷூ ஓட்டையாகப் போகுது," என்றாள். காப்பியைக் குடித்துவிட்டு ஏணியைப் பற்றி ஏதோ பேசிவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றும்போது சீட்டைக் கிழித்துப் போட எடுத்தேன். கிழிக்காமல் ஞாயிறு போடுகிற சட்டையின் பைக்கு மாற்றினேன். ஏன் என்று என்னையே விசாரித்தேன். பதில் நம்பும்படியாக இல்லை.

ஞாயிறு பூசையில் கோயில் நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் முகாம் அதிகாரி, நரைத்த மீசை, முழங்கால் வலி; மண்டியிடும்போது முன்பலகையைப் பிடித்துக்கொள்வார். நல்ல மனிதர். தங்கையும் பாப்பாவும் தூணுக்குப் பக்கத்தில். பாப்பாவின் ஷூ அங்கிருந்தே மின்னியது. மாப்பிள்ளை பாடகர் குழுவின் கடைசி வரிசையில். எல்லோரும் மன்றாட்டுக்கு எழுந்து நின்றார்கள். நான் வாசக மேடைக்குப் போனேன்.

நோயாளிகளுக்காக. கேட்டருளும் என்றார்கள். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக. கேட்டருளும். போரில் இருக்கும் நம் வீரர்களுக்காக, அவர்கள் பத்திரமாகத் திரும்ப. கேட்டருளும் என்றார்கள், கொஞ்சம் கூடுதல் சத்தமாக. சந்தையில் இறந்த ஏழு பேரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, ஒவ்வொரு பெயராக வாசித்தேன். தையல்காரர் பெயர் வந்ததும் நாக்குத் தடுமாறியது. கேட்டருளும் என்றார்கள். அடுத்தது அந்தக் கோடு. பங்குத்தந்தை கோடு போட்டிருந்தாலும் அதன் அடியில் என் எழுத்து நன்றாகத் தெரிந்தது. அதற்கும் கீழே மழைக்காக ஒரு மன்றாட்டு இருந்தது.

நான் மழைக்குத்தான் போகப் பார்த்தேன். சத்தியமாக அப்படித்தான். நிமிர்ந்தபோது பங்குத்தந்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், டிக்கெட் இல்லாதவனைப் பார்க்கிற பார்வை. பாடகர் குழுப் பக்கம் பார்த்தேன். மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்; ஷூ பாலிஷ் இன்னும் போகாமல் இருந்திருக்கலாம்.

சீட்டை எடுத்தேன். கிழமையையும் நேரத்தையும் விட்டுவிட்டேன். அவரைக் காப்பாற்றவா, என் பயமா, தெரியவில்லை. ஐந்து வருடத்தில் எழுதியபடி வாசிக்காதது அதுதான் முதல் தடவை.

"பதினொரு பேர். இரண்டு உருவங்கள் சிறியவை. இவர்களுக்காக."

நிறுத்தினேன்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றார்கள் முந்நூறு பேரும், ஒரே குரலில், நாற்காலிகளுக்குச் சொன்ன அதே உருக்கத்தோடு. பங்குத்தந்தையின் உதடுகளும் அசைந்ததைப் பார்த்தேன். அதிகாரியும் சொன்னார். எல்லோரையும்விட உரக்கச் சொல்கிற என் தங்கையும் சொன்னாள்.

பிறகுதான் அது அவர்கள் காதில் விழுந்தது. முதலில் யாரோ இருமினார்கள். பிறகு முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன சொன்னார் என்று கேட்டாள். பங்குத்தந்தையின் கை பீடத்து விரிப்பின் மேல் அப்படியே இருந்தது, விரல்கள் விரிந்து. அதிகாரி மட்டும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. முன்பலகையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினார். என்னைத் தாண்டி, நேராகப் பாடகர் குழுவைப் பார்த்தார். தங்கை அவர் பார்வை போன வழியே பார்த்தாள். அவள் கை பாப்பாவின் தோளைத் தேடிப் பிடித்தது.

மழைக்கான மன்றாட்டு பாக்கி இருந்தது. என் விரல் அந்த வரியிலேயே நின்றது. கோயில் முழுக்க எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை ஒருவர் மட்டும் உட்கார்ந்துவிட்டார். பாட்டுப் புத்தகத்தை மூடிப் பக்கத்தில் வைத்து, சட்டையின் கடைசிப் பொத்தானையும் போட்டுக்கொண்டு, இறங்க வேண்டிய ஊர் வந்துவிட்டது என்பதுபோல வாசலைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.