கூரை போடாத நினிவேக்காரர்

பழைய நினிவே நகரம் இருந்த மோசூலுக்கு வடக்கே, அல்கோஷ் என்னும் கிறித்தவ ஊரின் மலையடி வீடுகளுள் ஷ்மூனியின் மாடியறை மட்டும் கூரையின்றி நின்றது. மகன் சல்வானும் அவனுக்கு வரவிருந்த மனைவியும் வாழ்வதற்கென எழுப்பிய அறை அது. நான்கு சுவர்களும் எழுந்தபின், கணவர் யால்தா கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டார். கைபேசியில் பேசும் கடல்கடந்த போதகர் ஒருவரே அதற்குக் காரணம். விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில் வரும் ஏழுதலை விலங்கு இன்ன நாடு, பத்துக் கொம்புகள் இன்னின்ன அரசுகள் என்று அவர் வகுத்துக் காட்டியிருந்தார். உலக முடிவு வாசலுக்கே வந்துவிட்டதாம்.

கூரை எழாவிட்டால் சல்வான் ஆஸ்திரேலியாவிலுள்ள மாமனிடம் போய்விடுவான். ஷ்மூனிக்கு அதுவே உலக முடிவு.

யால்தாவோ அவ்வறையில் நீலத் தார்ப்பாயொன்றைக் கட்டி, அதன்கீழ் நாற்காலியிட்டு, மாலைதோறும் மோசூல் பக்கத்துச் சமவெளியை நோக்கி அமர்ந்திருப்பார்.

"சல்வான் அப்பா, வந்துடுச்சா உங்க விலங்கு? தலைக்கு ஒரு ரொட்டின்னாலும் ஏழு சுடணும், அதான் கேட்டேன்."

"சிரி, சிரி. வெள்ளம் வருதுன்னு நோவா பேழை கட்டினப்பவும் இப்படித்தான் சிரிச்சாங்க."

"நோவா கூரையாவது போட்டாரே!"

அழிவு வருமென்று கேட்டு நினிவே மக்கள் அன்று நோன்பிருந்ததை நினைவுகூரும் நினிவே நோன்பு வந்தது. மூன்று நாளும் நண்பகல்வரை ஊரார் நீரும் பருகுவதில்லை. மூன்றாம் நாள், அந்த எச்சரிக்கையைக் கொண்டுவந்த இறைவாக்கினர் யோனாவின் நூலைக் கோவிலில் பாடி வாசிப்பது யால்தாவுக்குத் தந்தைவழி வந்த உரிமை. அன்று விடியற்காற்று தார்ப்பாயைக் கிழித்துப் பள்ளத்தில் எறிந்தது.

"அருமையான தார்ப்பாய்டி! நேத்துவரைக்கும் நிழல் கொடுத்துச்சு. அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்று யால்தா கலங்கினார். ஷ்மூனி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு கோவிலுக்கு நடந்தாள்.

"இன்னும் நாற்பது நாளில் நினிவே அழியும்" என்று யோனா அறிவிக்கும் வரியில் ஊரார் வழக்கம்போல் தலைநிமிர்ந்தனர். பிறர்க்கு அது பழைய நகரம். இவர்களுக்கோ மாகாணத்தின் பெயரே இன்றும் நினிவே; சொந்த முகவரி. நாள் குறித்து வந்த அழிவை மனம்திரும்பி மாற்றியவர்களின் பிள்ளைகள் இவர்கள். பிற்காலத்தில் அதே நகரின் வீழ்ச்சியை உரைத்து, உரைத்தது பலித்த இறைவாக்கினர் நாகூமின் கல்லறையும் இவ்வூரில்தான் இருக்கிறது. பலித்த வாக்கு, பலிக்காத வாக்கு இரண்டையும் ஒருங்கே காத்துவருபவர்கள் வேறு யார்?

நகரம் அழிவதைக் காண யோனா வெளியே குடில் போட்டு அமர்ந்த இடம் வந்தது. நிழல்தந்த ஆமணக்குச் செடி புழு அரித்து வாடியது, அனல்காற்றும் அடித்தது, யோனா சாவைக் கேட்டுப் புலம்பினார். யால்தாவின் குரல் நின்றது.

"என்னப்பா, தார்ப்பாய் ஞாபகமா?" என்றார் முன்வரிசையிலிருந்த கோஷாபா. கோவில் குலுங்கியது. யால்தா காதுவரை சிவந்தார். பிறகு, ஒரு செடிக்காக நீ இரங்கும்போது இத்தனை மக்களும் கால்நடைகளும் வாழும் நினிவேக்கு நான் இரங்காதிருப்பேனோ என்ற இறைவனின் கேள்வியை, தூண்கள் அதிரப் பாடி முடித்தார். அத்தகைய குரலை அவரிடம் ஷ்மூனி கேட்டு நெடுங்காலம் ஆகியிருந்தது. அவள் முதுகு தானாக நிமிர்ந்தது.

வெளியே வந்ததும் அவர் சொன்னார்: "முடிவு வரும், வரட்டும். நாள் பார்த்து உட்கார்ந்தவன் யோனாதான்டி. நினிவேக்காரன் எழுந்து வேலையைப் பார்த்தான். நான் போய் தப்பான நாற்காலியில உட்கார்ந்துட்டேன்."

அங்கேயே நின்று கொத்தனாரை அழைத்தார். "நாளைக்கே வா. கூரைக்குக் கம்பியோட வா."

"ஜன்னல் சமவெளிப் பக்கமே இருக்கட்டும்" என்றாள் ஷ்மூனி. "வர்றது யாருன்னு மருமகளும் பார்க்கட்டும்."