ஊருக்கு ஒரு பொம்மைக் காவல்

சீஃப் எம்லின் ப்ராசர் வீட்டுச் செருப்போடு பனியில் ஓடி வந்ததால்தான் கொரின் இன்றைக்கு உயிரோடு இருக்கிறாள். ஊர்க்கூட்டத்திலும் இதைச் சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. அதனால் இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிரைடர் பேட்ச் என்ற எங்கள் சின்னச் சுரங்க ஊருக்கு ஒரே ஒரு போலீஸ்காரர். அவருக்குக் கீழே யாரும் கிடையாது, ஆனாலும் அவர் பெயர் சீஃப். மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் கொரினின் புருஷன் டேல் விர்ட்ஸ் அவளை வாசற்படியிலிருந்து தள்ளிக் கழுத்தெலும்பை உடைத்தான். பக்கத்து வீடு என்னுடையது, ஜன்னலில் நின்று நான் போன் செய்தேன். நான் போனை வைப்பதற்குள் அடுத்த தெருவிலிருந்து சீஃப் வந்துவிட்டார். கையில் துப்பாக்கி இல்லை, காலில் பூட்ஸ் இல்லை. "போதும் டேல்," என்றார். அவன் நின்றுவிட்டான்.

பிறகு விவாகரத்து ஆனது. அவள் வீட்டுப் பக்கம் அவன் வரக்கூடாது என்று கோர்ட்டு தடை போட்டது. கோர்ட்டு இருப்பது மலைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் சீஃப்தான் தடை. கொரின் முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து சாயங்காலம் வரும்போது அவர் தன் காரை அவள் வாசலில் நிறுத்தியிருப்பார். அவள் உள்ளே போய்ச் சமையலறை விளக்கைப் போட்டதும் கிளம்பிவிடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அவள் பயமில்லாமல் தூங்கியது அந்த ஒரு பழக்கத்தால்தான்.

போன இலையுதிர் காலத்தில் சீஃபின் இரண்டு முட்டிகளும் போய்விட்டன. மகள் வீட்டோடு போய்விடுகிறேன் என்றார். அடுத்து என்ன செய்வது என்று பேச ஊர்மன்றம் கூடியது. மன்றக் கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலன் ரிப்பேர், அதனால் கூட்டம் தீயணைப்பு நிலையக் கூடத்தில். அந்தச் சமையலறை என் ராஜ்யம். வெர்னா மாட்ஸ்கோ என்கிற நான் சுடும் உருளைக்கிழங்கு அடைக்காகவே பாதிப் பேர் வந்திருப்பார்கள் என்று சொன்னால் அது பெருமை இல்லை, உண்மை.

தலைவி பெர்னடீன் ஷோல்டிஸ் முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். எல்லாரையும் இன்னும் பின்சீட்டுப் பிள்ளைகளாகத்தான் பார்ப்பாள்.

"மூணு வழி இருக்கு," என்றாள். "ஒண்ணு, சீஃபுக்குப் பதிலா வேற ஆள் வைக்கறது. வீட்டு வரி ஏறும். ரெண்டு, பக்கத்து ஊர் போலீஸ வாரத்துல கொஞ்ச நேரம் வாடகைக்கு எடுக்கறது. மூணு, நாம ஒண்ணுமே பண்ணாம இருக்கறது. அப்போ மாநில போலீஸ் வரும். சும்மாவே வரும்."

சும்மா என்றதும் கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

சுரங்கத்தில் வேலை பார்த்து நுரையீரலைத் தொலைத்த வெண்டல் யோஸ்ட் எழுந்தார். "போன வருஷம் இந்த ஊர்ல அப்படி என்ன நடந்துபோச்சு? ஒரு மான் போஸ்ட் ஆபீஸுக்குள்ள பூந்துச்சு. சீஃப் வர்றதுக்குள்ள அதுவே வெளிய போயிருச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். சீஃபும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடை பிடித்துக்கொண்டு வந்தவன், நான்தான் நனையவே இல்லையே, குடை எதற்கு என்று கேட்ட மாதிரி இருந்தது.

"பக்கத்து ஊர்க்காரனக் கூப்பிடலாமே," என்று யாரோ சொன்னதும் இரண்டு வரிசை கொதித்தது. "அவனுங்களா? மேட்ச்ல ஜெயிச்சா நம்ம ஊர் வழியா ஹாரன் அடிச்சுக்கிட்டே போறவனுங்க. அவனுங்க கிட்டயா போய் கையேந்தணும்?" இரண்டாவது வழி அதோடு செத்தது. கால்பந்தால் செத்தது என்று வெளியூரில் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை.

கொரின் மூன்றாவது வரிசையில் வேலைச் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மாநில போலீஸுக்கு நான் போன் பண்ணினா, வர எவ்வளவு நேரம் ஆகும்?"

பெர்னடீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "முக்கா மணி நேரம்னு சொல்றாங்கம்மா. மலை மேல பனி இல்லன்னா."

"அவனுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படாது," என்று சொல்லிவிட்டுக் கொரின் உட்கார்ந்தாள்.

யாரும் வாசல் பக்கம் திரும்பவில்லை. டேல் அங்கேதான் நின்றான், கதவுக்கு வெளியே, தீயணைப்புப் படை ஜாக்கெட்டோடு. கூட்டத்துக்காக வாகனம் நிறுத்தும் இடத்துப் பனியை அவன்தான் தள்ளிக்கொடுத்திருந்தான். கொரின் உள்ளே இருப்பதால் தான் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டானாம். எவ்வளவு மரியாதையான பையன் என்று என் பக்கத்திலேயே ஒருத்தி சொன்னாள். கையில் இருந்த கரண்டியை நான் கீழே வைத்துவிட்டேன், எங்கே வீசிவிடுவேனோ என்று.

ஊரே அவனுக்குக் கடன்பட்டிருந்தது. கிழவிகள் வீட்டுப் பாதையில் பனி தள்ளுவது அவன். நின்றுபோன வண்டியை ஓட வைப்பது அவன். தீ என்றால் முதலில் ஏணியில் ஏறுவதும் அவன். நல்லவன் வேஷம் என்று சொல்ல முடியாது, அத்தனையும் நிஜமாகவே செய்தான். கழுத்தெலும்பை உடைத்ததும் நிஜம்தான்.

ஏழு உறுப்பினர்களில் ஐந்து பேர் மூன்றாவது வழிக்குக் கை தூக்கினார்கள். செருப்புக் காலோடு ஓடி வந்த கதையை நான் அப்போதுதான் சொன்னேன், அடை எடுத்துக்கொடுக்கும் ஜன்னல் வழியாகக் கத்தி. "வெர்னா, நீ மன்ற உறுப்பினர் இல்ல," என்றாள் பெர்னடீன். ஆமாம், நான் சமையல்காரி.

கை தூக்கியவர்களுக்கே மனசு உறுத்தியிருக்க வேண்டும். வெண்டல்தான் வழி கண்டுபிடித்தார். "சீஃபோட கார் இருக்குல்ல. அத விக்க வேணாம். உள்ள ஒரு பொம்மைய உக்கார வெச்சு ரோட்டோரமா நிறுத்துவோம். பாக்கறவனுக்குப் போலீஸ்தான்."

அப்புறம் பார்க்க வேண்டுமே. உயிருள்ள போலீஸைப் பற்றி அரை மணி நேரம் பேசியவர்கள், பொம்மையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். மூடிப்போன துணிக்கடையில் பொம்மை கிடக்கிறது என்றான் ஒருவன். மீசை வைக்கலாமா கூடாதா என்று சண்டை. சார்ஜென்ட் ஹென்றி என்று பெயரும் வைத்தாயிற்று. கூடம் கல்யாண வீடு மாதிரி ஆனது.

"உன் வீட்டு முன்னாடியே நிறுத்தறோம்மா," என்று பெர்னடீன் கொரினிடம் சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

"அது பொம்மைன்னு வெளியூர்க்காரனுக்குத்தானே தெரியாது," என்றாள் கொரின். "எனக்கு பயம் வெளியூர்க்காரன் கிட்ட இல்லையே."

கூட்டம் முடிந்து அடை தின்றார்கள்.

சீஃப் போய்விட்டார். கொரின் வீட்டு முன்னால் ஹென்றி வந்து உட்கார்ந்தான். சீஃபின் பழைய ஜாக்கெட், தொப்பி, கறுப்புக் கண்ணாடி. நிலக்கரி லாரிகள் வேகத்தைக் குறைத்தன, பிள்ளைகள் கையாட்டின. பயன் தெரிகிறதே என்று மன்றத்துக்குப் பெருமை. கொரின் மட்டும் அந்தப் பக்கத்துத் திரையை இழுத்து மூடியே வைத்திருந்தாள்.

வண்டியை அவ்வப்போது ஓட்டி இடம் மாற்றுவது வெண்டலின் பொறுப்பு. ஜனவரியில் அவர் பனியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். இரண்டு வாரம் வண்டி அசையாமல் நின்று பேட்டரி செத்தது. பேட்டரி செத்தால் எங்கள் ஊரில் யாரைக் கூப்பிடுவார்கள்? யாரும் முடிவெடுக்கவில்லை, யாரும் ஓட்டுப் போடவில்லை. டேல் வந்து பேட்டரி போட்டான், சாவி அவனிடமே தங்கிவிட்டது. திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதை என்பார்களே, அதை எங்கள் ஊரில் நன்றி சொல்லிச் செய்தார்கள். எனக்கே அது பிறகுதான் தெரிந்தது.

ஒரு காலையில் கொரின் எனக்குப் போன் செய்தாள். குரல் மிகத் தாழ்வாக இருந்தது.

"வெர்னா, உங்க ஜன்னல்லேர்ந்து அந்தக் காரப் பாருங்க."

பார்த்தேன். "ஏன், ஹென்றிதானே உக்காந்திருக்கான்."

"கண்ணாடியப் பாருங்க. உள்பக்கமா மங்கியிருக்கு. பொம்மை மூச்சு விடுமா?"

மாநிலப் போலீஸைக் கூப்பிடு என்று சொல்லிவிட்டு, பனி வாரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எனக்கு அறுபத்தோரு வயது, ஆனால் கை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. கார்க் கண்ணாடியைத் தட்டினேன். அது இறங்கியது. சீஃபின் ஜாக்கெட், சீஃபின் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, அதற்குக் கீழே டேலின் சிரிப்பு. ஹென்றி பின்சீட்டில் குப்புறக் கிடந்தான்.

"குட் மார்னிங் வெர்னா. பேட்டரி ஏறணும்ல, அதான் உக்காந்திருக்கேன்."

"எஞ்சின் ஓடலியேடா."

"இப்பதான் நிறுத்தினேன்."

"இந்த வீட்டுப் பக்கம் நீ வரக்கூடாது."

"வீட்டுப் பக்கம் யார் வந்தா? நான் ஊர்க் காருக்குள்ள இருக்கேன்." திரை மூடிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவ நல்லாயிருக்காளா?"

மண்வெட்டியை அவன் கதவுப் பக்கம் நீட்டினேன். அவன் அவசரப்படாமல் இறங்கினான். ஹென்றியைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்து, தொப்பியைக்கூட நேராக்கிவிட்டு, தெருமுனையில் நின்ற தன் வண்டிக்கு நடந்தான்.

மாநிலப் போலீஸ்காரன் ஒரு மணி நேரம் கழித்து வந்தான். சின்னப் பையன், மரியாதையாகப் பேசினான். காரைச் சுற்றி வந்து பொம்மையைப் பார்த்தான். பெர்னடீனுக்குப் போன் போட்டான். "ஆமா, பேட்டரிய நாங்கதான் பாக்கச் சொன்னோம்," என்றாள் அவள். அவன் தொப்பியைக் கையில் சுற்றினான்.

"ஊர்மன்றம் சொல்லி வந்திருக்காரும்மா. நான் எழுதி வெச்சுக்கறேன். அடுத்த தடவை நான் இருக்கும்போது அவர் இருந்தா என்னால பிடிக்க முடியும்."

"நீங்க இருக்கும்போது அவன் எப்படி இருப்பான்?" என்று கொரின் கேட்டாள். அந்தப் பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. பாவம், அவன் என்ன செய்வான்.

அடுத்த கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தினேன். வேலியே பயிரை மேய்கிறது என்றேன். பெர்னடீனுக்கும் வருத்தம்தான், கண் கலங்கினாள். ஆனாலும் கேட்டாள், "சாவிய அவன் கிட்ட வாங்கிட்டா வேற யாரு வெச்சுக்கறது?" கூடம் பூராவும் தரையைப் பார்த்தது. ஒருத்தருக்கு முட்டி வலி, ஒருத்தருக்கு இரவு ஷிஃப்ட், ஒருத்தருக்கு அவனோடு முகத்தை முறித்துக்கொள்ள மனமில்லை. அடுத்த பனி விழுந்தால் பாதையைத் தள்ள அவன் வேண்டுமே. கடைசியில் காரைப் பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவது என்று முடிவானது. சாவி அவனிடமே இருந்தது. அவன் செய்துவரும் சேவைக்கு நன்றியும் சொன்னார்கள்.

"போயிடேன் கொரின்," என்று அவளிடம் சொன்னேன். "எங்கயாவது போயிடு."

"எங்க போறது? அம்மா நான் வேல பாக்கற இல்லத்துலதான் இருக்காங்க. நான்தான் ஊட்டறேன்," என்றாள்.

மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மலை மேல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கொரின் வீட்டுச் சமையலறையில் இரண்டு பேரும் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தோம். வெளியே டயர் பனியில் நசுங்கும் சத்தம் கேட்டது. கத்தியை வைத்துவிட்டுத் திரையை ஒரு விரல் அளவு விலக்கினேன். வாசலில் சீஃபின் கார் நின்றது. கண்ணாடி முழுக்க மங்கியிருந்தது.

கொரின் போனை எடுத்தாள். பெயர் சொன்னாள், முகவரி சொன்னாள், தடை உத்தரவு இருக்கிறது என்றாள். அந்தப் பக்கத்துப் பெண் பேசியது எனக்கும் கேட்டது.

"கவலப்படாதீங்க மேடம். அந்தத் தெருவுலேர்ந்து இப்பதான் ஒருத்தர் போன் பண்ணினார், போலீஸ் கார் உங்க வாசல்லயே வந்து நிக்குதாமே. அங்க போலீஸ் இருக்கா?"

எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ நிற்பது தெரிந்தது. நல்ல எண்ணத்தோடுதான் போன் செய்திருப்பார்கள்.

நான் மேசையை இழுத்துக் கதவுக்கு அண்டக் கொடுத்தேன். கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"கார் இருக்கு," என்றாள் கொரின் போனில். "அதுலேர்ந்து இப்ப இறங்கறது அவன்தான்."