வீட்டுக்குப் போகும் பொறுப்பு

எங்கள் பம்ப் கம்பெனி முதலாளி நாச்சிமுத்து தன் பொறுப்புகளைப் பகிர்ந்துகொடுத்தபோது, அவர் வீட்டுக்குப் போகும் பொறுப்பு எனக்கு வந்தது.

அதற்கு முன் எல்லாவற்றையும் அவரே இழுத்துப்போட்டுக்கொண்டு செய்வார். நல்ல தலைவன் பகிர்ந்துகொடுப்பான் என்று ஏதோ பயிற்சி வகுப்பில் கேட்டுவிட்டு வந்த திங்கட்கிழமை, பதிவேட்டைத் திறந்தார். கோபம் ஃபோர்மேன் ராயப்பனுக்குப் போனது. ராயப்பன் வாயில்லாப் பூச்சி. தினமும் பதினோரு மணிக்கு முதலாளியின் குரலில் கத்திவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ குடிப்பார். சிரிப்பு வரவேற்பில் இருந்த சுலோசனாவுக்கு. மேனேஜர் என்ற மரியாதைக்கு எனக்குக் கொஞ்சம் பெரியதாகக் கொடுத்தார்.

மாலை ஆறு மணிக்கு அவர் வீட்டுக்குப் போவேன். அவர் மனைவி, "வந்துட்டீங்களா? கை கழுவிட்டு வாங்க" என்பார். முதலாளியின் செருப்பு எனக்கு ஒரு விரல் அளவு பெரியது. பொய் சொல்வானேன், முதல் வாரம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் என் வீட்டுக்கு யாராவது போகவேண்டுமே. அதை ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் எபநேசரிடம் ஒப்படைத்தேன். ஒருநாளும் தவறமாட்டார். காலையில் வந்து, "பாப்பாவுக்குப் பல்லு ஒண்ணு விழுந்துருச்சுங்க சார்" என்பார். எனக்கு வயிறு எரியும். என் மகள் கவின்மொழியைப் பார்த்து மூன்று மாதம் ஆகியிருந்தது. குழந்தையைப் பார்க்கவேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றாகிவிட்டது.

எபநேசரிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று முதலாளியிடம் கேட்டேன்.

"கீழ கொடுத்தது மேல வராதுங்க, சபாபதி," என்றார். அவர் குரலில் ஒன்றுமே இல்லை.

சொன்னது நியாயம்தான். அன்றைக்கே முதலாளி வீட்டை ராயப்பன் தலையில் கட்டிவிட்டு, என்னை எபநேசருக்குக் கீழே உதவியாளராகப் போடும்படி எழுதிக்கொடுத்தேன். முடிவெடுப்பது அப்போது கேண்டீன் மாரக்காளிடம் இருந்தது. குழம்பைக் கிளறிக்கொண்டே படித்தார். "கொழந்தையப் பாக்கத்தானுங்களே, போங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் எபநேசர் சீட்டு எழுதி, என் வீட்டுக்குப் போகும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். "பாப்பா முறுக்குன்னா சாப்பிடுவாங்க சார், வாங்கிட்டுப் போங்க," என்றார். எனக்குத் தெரியாததா? எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் வாங்கிக்கொண்டு போனேன்.

என் மனைவி பூங்கோதை கதவைத் திறந்தாள். "வந்துட்டீங்களா? பாப்பாவ கிளாஸ் லீடர் ஆக்கிட்டாங்க."

கூடத்தில் யூனிஃபார்மோடு நான்கு குழந்தைகள். ஒருத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பையன் வீட்டுப்பாடம் எழுதினான். இன்னொருவன் டிவியைப் பார்த்துச் சிரித்தான். நான்காவது பெண்ணை நான் முன்பின் பார்த்ததில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

"ஏம்ப்பா இத்தன நாளா வரல?"

கவின்மொழி நாற்காலியில் உட்கார்ந்து நால்வரையும் கவனித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, சரி என்பதுபோல் தலையசைத்தாள்.

முறுக்குப் பொட்டலத்தைச் சாப்பிடுகிறவளிடம் கொடுத்தேன். அழுதவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அவள் அழுகை அடங்க வெகுநேரம் ஆயிற்று.